நாலு மணிக் கதவு

எங்கள் சந்தில், உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு ஒரு ஆள் தனியாக உட்காரக்கூடிய இடம் ஒன்றே ஒன்றுதான். பொதுக் கக்கூஸ். அதிலும் நிம்மதி கிடையாது. உட்கார்ந்த உடனே யாராவது தகரக் கதவைத் தட்டுவார்கள். உள்ளேயிருந்து "ஆள் கீது!" என்று கத்த வேண்டும். பி.காம் முடித்ததும் வேலைக்குப் போவதா, பேங்க் பரீட்சைக்குப் படிப்பதா என்று நான் உட்கார்ந்து யோசித்தது அங்கேதான். பாதி யோசனையில் தட்டிவிட்டார்கள். அதனால்தான் இன்னும் படித்துக்கொண்டே இருக்கிறேன்.

வீடுகளுக்குக் கதவு இல்லாமல் இல்லை. ராத்திரி படுக்கும்போது சாத்துவோம். ஆனால் விடிந்ததும் திறந்த கதவை மறுபடி ராத்திரிதான் சாத்த வேண்டும். திருவொற்றியூரில் எங்கள் சந்துக்கு இது யாரும் சொல்லிக்கொடுக்காமலே எல்லோருக்கும் தெரிந்த சட்டம். பகலில் ஒரு வீடு சாத்தியிருந்தால் மூன்று காரணம்தான் இருக்க முடியும். ஒன்று, சாவுக்குப் போயிருக்கிறார்கள். இல்லையென்றால் புருஷன் பெண்டாட்டிக்குள் அடிதடி. இரண்டும் இல்லையென்றால் அந்த வீட்டில் புதுசாகக் கல்யாணம் ஆகியிருக்கிறது. நாலாவதாக ஒரு காரணம் இருக்கலாம் என்று எங்கள் அம்மா காட்டும்வரை யாருக்கும் தோன்றவில்லை.

வீட்டில் நாங்கள் மூன்று பேர். அம்மா காசிமேட்டுப் பக்கம் ஒரு கம்பெனியில் எறா உரிக்கிறாள். நைனா துறைமுகத்துக்கு கன்டெய்னர் ஏற்றிப் போகும் டிரெய்லர் ஓட்டுகிறார். அவர் ஓட்டுகிற நேரத்தைவிட எண்ணூர் ரோட்டு வரிசையில் நிற்கிற நேரம்தான் ஜாஸ்தி. அப்புறம் நான். ஒரே அறை. மூன்று பேர் என்று சொன்னேனே தவிர, எந்த நேரம் பார்த்தாலும் உள்ளே ஆறு பேர் இருப்பார்கள். காரணம் எங்கள் ஃப்ரிட்ஜ். நைனாவின் முதலாளி புதுசு வாங்கியபோது பழசை இவர் தலையில் கட்டிவிட்டார். சந்திலேயே அதுதான் பெரியது. ஒருத்தர் வீட்டு மீன், இன்னொருத்தர் வீட்டுப் பூ, யாரோ ஒருத்தருடைய சர்க்கரை ஊசி மருந்து எல்லாம் எங்கள் வீட்டில்தான் குளிரும். எல்லாவற்றுக்கும் மேலே எதிர்வீட்டு அக்காவின் இட்லி மாவு, இரண்டு வாளி.

அந்த அக்காவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சாயங்காலம் மாவு விற்கிறாள். மஞ்சள் பூசிய முகம், செவ்வாய்க்கிழமை தவறாமல் அம்மன் கோயில், இந்த முனையில் பேசினால் அந்த முனையில் கேட்கும் தொண்டை. எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜின் மேலேதான் எங்கள் பீடமும் இருக்கிறது. இருதய ஆண்டவர் படம், பக்கத்தில் மாதா, முன்னால் சிவப்பு ஜீரோ வாட்ஸ் பல்பு. அக்கா வாளியை எடுக்கும்போதெல்லாம் படத்தைத் தொட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்வாள். "இன்னா நைனா, மாவு புளிக்காம பாத்துகினியா?" என்று ஆண்டவரிடம் கேட்பாள். அம்மாவும் சிரிப்பாள்.

இந்த வருஷம் தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் அன்று சாயங்காலப் பூசை முடிந்து வந்தோம். மூன்று பேர் நெற்றியிலும் சாம்பல். அம்மா செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"கதவ சாத்திகினு செபம் பண்ணுன்னு ஆண்டவரு சொன்னத இன்னிக்கு சாமியாரு படிச்சாரே, காதுல வாங்குனியா? இல்ல ஃபோன நோண்டிகினு இருந்தியா?"

"வாங்குனேன்" என்றேன். நோண்டிக்கொண்டுதான் இருந்தேன்.

"உன் அறைக்குள்ள போன்னு சொன்னாரு. நம்ம வூட்ல அறைன்னு ஒன்னு கீதா?"

"வூடே ஒரு அறதானே."

"ஆங். அப்ப கதவு கீதுல்ல? நாளைலருந்து சாத்தப் போறேன். நாலு மணிலருந்து நாலரை வரைக்கும். உள்ள நான் மட்டும். ஈஸ்டர் வரைக்கும் டெய்லி."

நைனா சட்டையைக் கழற்றியபடியே நின்றுவிட்டார். "தவக்காலத்துல கறி கெடையாதுன்ன, சரின்னேன். பீடிய வுடுன்ன, சரின்னேன். இப்ப வூட்டயே வுட சொல்ற."

"அரமணிதான்யா."

"அரமணி நான் எங்க போவேன்?"

"டீக்கடைக்குப் போ. நான் சொல்லலன்னா மட்டும் போவாத மாரி."

பிறகு அம்மா கட்டில் ஓரமாக உட்கார்ந்தாள். சிரித்துக்கொண்டுதான் பேசினாள். "கல்யாணம் ஆயி இந்த வூட்டுக்கு வந்ததுலருந்து நான் தனியா குந்துனதே இல்லய்யா. கம்பெனில இந்தாண்ட ஒருத்தி, அந்தாண்ட ஒருத்தி. பஸ்ல மூச்சு முட்டுது. வூட்டுக்கு வந்தா இந்தக் கூட்டம். செத்தா கூட பொட்டில என்னத் தனியா வெக்க மாட்டீங்க, மாலையப் போட்டு நெருக்கிடுவீங்க. சாவறதுக்கு முன்னாடி ஒரு தபா அவராண்ட நடுவுல யாரும் இல்லாம பேசணும்."

எங்கள் வீட்டில் சாயங்காலம் செபமாலை உண்டு. ஞாயிற்றுக்கிழமை பூசை உண்டு. அம்மாவுக்குச் செபம் புதுசில்லை. அவள் கேட்டது தனிமையை. அதை இதுவரை அவள் எங்களிடம் எதற்காகவும் கேட்டதில்லை. நைனா கழற்றிய சட்டையை ஆணியில் மாட்டினார். நான் வாட்ச்மேனாக நியமிக்கப்பட்டேன். நாலு மணிக்குப் புத்தகத்தோடு வாசற்படியில் உட்கார வேண்டும், ஒருத்தரையும் உள்ளே விடக் கூடாது.

"இன்னொன்னு" என்றாள் அம்மா. "நான் செபம் பண்றேன்னு யாராண்டயும் சொல்லக் கூடாது. ஊருக்குக் காட்டாம மறைவா பண்ணுன்னுதான் ஆண்டவரு சொல்லி கீறாரு."

"அப்ப கேட்டா இன்னா சொல்றது?"

"படிச்சவதானே? எதனா சொல்லு."

மறுநாள் நாலு மணி. அம்மா எலுமிச்சம்பழத் தோலால் கையைப் பரபரவென்று தேய்த்துக்கொண்டிருந்தாள். எறா நாற்றம் லேசில் போகாது. "ஆண்டவரு மீன் புடிக்கிறவங்களோடயே சுத்துனவரு, அவருக்கு நாத்தமெல்லாம் பழக்கம்தான்" என்று சொல்லிவிட்டு, டீக்கடைக்குப் போயிருக்க வேண்டிய நைனா மறுபடி கட்டிலில் குப்புற விழுந்து தூங்கிவிட்டார். துறைமுக வரிசையில் ராத்திரியெல்லாம் வண்டியை அங்குலம் அங்குலமாக நகர்த்திவிட்டுக் காலையில்தான் வந்திருந்தார். நான் உலுக்கினேன். அசையவில்லை. காலைப் பிடித்து இழுத்தேன். கால் மட்டும் வந்தது.

"கெடக்கட்டும் வுடு" என்றாள் அம்மா. "தோட்டத்துல ஆண்டவரு செபம் பண்ணப்ப சீடருங்க கூட இப்டித்தான் தூங்குனாங்க." கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழுந்தது.

எங்கள் சந்தில் பகலில் தாழ்ப்பாள் விழுகிற சத்தம் எப்படிப்பட்டது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. எதிர்வீட்டில் கிரைண்டர் நின்றது. குழாயடியில் பேச்சு நின்றது. அக்கா மாவுக் கையோடு ஓடி வந்தாள். பின்னாலேயே குழாயடியிலிருந்து நாலைந்து பெண்கள்.

"இன்னாமே, கதவு சாத்தி கீது? யாருக்கு இன்னா ஆச்சு?"

"ஒன்னுமில்லக்கா."

"சண்டையா?"

"இல்லக்கா."

"உங்கம்மா எங்க?"

"உள்ள."

"உங்க நைனா?"

இங்கே நான் கொஞ்சம் யோசித்திருக்கலாம். "அவரும் உள்ளதான்" என்றேன்.

அக்கா என்னைப் பார்த்தாள். கதவைப் பார்த்தாள். அவள் முகத்தில் கவலை போய் வேறு ஒன்று மெதுவாக வந்தது. "நீ வெளிய?"

"ஆமா. யாரையும் உள்ள வுடக் கூடாதுன்னு சொல்லி கீது."

பின்னால் ஒரு பெண் முந்தானையை வாயில் அமுக்கிக்கொண்டாள்.

"மாவு எடுக்கணுமே?" என்றாள் அக்கா, குரலைத் தழைத்து.

"அரமணி கழிச்சு வாக்கா."

"அரமணியா!"

அவ்வளவுதான். சந்தே குலுங்கியது. அதுவரை வெளியே கேட்டுக்கொண்டிருந்த நைனாவின் குறட்டை அந்த நேரம் பார்த்து நின்று தொலைத்தது. கட்டில் வேறு ஒரு தரம் கிறீச்சிட்டது. மனுஷன் புரண்டு படுத்திருக்கிறார். எனக்கு விஷயம் புரிந்தபோது காது இரண்டும் சூடாகிவிட்டது. "ஐயோ அக்கா, அதெல்லாம் இல்ல!" என்றேன். அப்புறம் எது என்று சொல்ல எனக்கு உத்தரவு இல்லை. பேங்க் பரீட்சைப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நாலரைக்குக் கதவு திறந்தது. முதலில் வந்தது நைனா. தலை கலைந்து, லுங்கியை இழுத்துக் கட்டிக்கொண்டு, கொட்டாவி விட்டுக்கொண்டு. வாசலில் இத்தனை பெண்கள் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்து, எதற்கு என்று தெரியாமல் அவரும் சிரித்தார். அது போதாதா?

"இன்னாண்ணே, லோடு எறக்கிட்டியா?" என்று யாரோ கேட்டார்கள்.

"காலைலயே எறக்கிட்டேனே" என்றார் நைனா, பாவம், வெள்ளந்தியாக.

அம்மா பின்னாலேயே வந்தாள். ஒரே பார்வையில் புரிந்துகொண்டாள். அவள் முகம் சிவந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. மறைவாகச் செய்ய வேண்டும் என்று எனக்கு உத்தரவு போட்டவள், எண்ணூர் முகத்துவாரம் வரைக்கும் கேட்கிற மாதிரி கத்தினாள்: "செபம்டீ! செபம் பண்ணிகினு இருந்தேன்! இந்த ஆளு செத்த பொணம் மாரி தூங்கிகினு இருந்தான்! கஸ்மாலம் புடிச்சவளுங்களா!"

அக்கா சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "செபத்துக்கு எதுக்குக்கா தாழ்ப்பா?"

"ஆண்டவராண்ட தனியா பேசணும்டீ."

"தனியாவா?" அக்காவின் சிரிப்பு கொஞ்சம் நின்றது. "கோயில்ல போயி பேசறது."

"கோயில்ல நாலு பேரு இருப்பாங்கல்ல?"

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு மாவு வாளியை எடுக்க உள்ளே போனாள். போகும்போது அறையை ஒரு தரம் சுற்றிப் பார்த்தாள். அன்றாடம் பார்க்கிற அறைதான். ஆனால் இதற்கு முன்னால் பார்க்காதது மாதிரி பார்த்தாள்.

இரண்டாம் நாளிலிருந்து நைனா மூன்றே முக்காலுக்கே எழுந்து டீக்கடைக்கு ஓடினார், மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள. அக்கா நாலு மணிக்கு முன்னாலேயே வாளிகளை எடுத்துத் தன் வீட்டு வாசலில் ஈரத்துணி போட்டு மூடிவைத்தாள். ஆனாலும் தட்டுகிறவர்கள் தட்டினார்கள். சிலிண்டர்காரர், ஐஸ் கேட்டு ஒருத்தி, கரண்ட் போச்சா என்று கேட்க ஒருத்தர். எங்கள் சந்தில் கரண்ட் போனால் எல்லோர் வீட்டிலும்தான் போகும். ஆனாலும் அடுத்த வீட்டில் கேட்டு உறுதி செய்துகொள்வோம். ஒரு நாள் மணலி ரிஃபைனரிப் பக்கமிருந்து காற்று திரும்பி, அழுகிய முட்டை மாதிரி நாற்றம் சந்தை நிறைத்தது. கதவு சாத்திய வீட்டுக்குள் அம்மா மயங்கிவிட்டாளோ என்று இரண்டு பேர் கதவை உடைக்கத் தயாரானார்கள். நான் குறுக்கே படுத்துத் தடுத்தேன்.

இவ்வளவு பாடுபடுகிறேனே, உள்ளே என்னதான் நடக்கிறது என்று தெரிந்துகொள்ள எனக்கு உரிமை இல்லையா? ஒரு நாள் அம்மா கை தேய்க்கும்போது கேட்டேன்.

"உள்ள இன்னாம்மா பண்ற?"

"ஒன்னும் பண்ல. குந்திகினு இருக்கேன்."

"செபமால சொல்றியா?"

"அதுக்குத்தான் சாயங்காலம் கீதே."

"அப்ப அரமணியா அவராண்ட இன்னாதான் பேசுவ?"

அம்மா எலுமிச்சைத் தோலை முகர்ந்து பார்த்தாள். "நீ மொட்ட மாடில போயி மணிக்கணக்கா ஃபோன்ல ஒருத்தனாண்ட பேசுறியே, அவனாண்ட இன்னா பேசுறன்னு நான் கேட்டனா?"

நான் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடிவிட்டேன். அந்தப் பையன் விஷயம் அம்மாவுக்குத் தெரியும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

ஆனால் நாலரைக்குக் கதவைத் திறந்து வரும் அம்மாவின் முகத்தைக் கவனிக்க ஆரம்பித்தேன். தூங்கி எழுந்த முகம் இல்லை. அழுத முகமும் இல்லை. யாரோ நெருங்கினவர்கள் வீட்டுக்குப் போய் நன்றாகச் சாப்பிட்டுவிட்டுத் திரும்புகிறவர்கள் முகம் இருக்குமே, அது. பாத்திரம் தேய்க்கும்போது பாடினாள். நைனாவை "யோவ்" என்று கூப்பிடும்போதுகூட அதில் ஒரு குழைவு இருந்தது. அவரே பயந்துபோய், "இன்னாம்மே, உங்கம்மாக்கு உடம்பு சரியில்லியா?" என்று என்னிடம் கேட்டார்.

இப்படிப் பாதித் தவக்காலம் ஓடியது. அப்போதுதான் அன்பியம் வந்தது.

அன்பியம் என்றால் எங்கள் கோயில் பங்கில் தெருவுக்குத் தெரு இருக்கிற செபக் குழு. எங்கள் தெரு அன்பியத்துக்குத் தலைவி, வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு டீச்சர். தங்கமான மனுஷி. யார் வீட்டில் காய்ச்சல் என்றாலும் முதலில் வந்து நிற்பார். ஆனால் பாட்டை ஆரம்பித்தால் மைக் தேவைப்படாது. அம்மா தினமும் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகச் செபிக்கிறாள் என்ற செய்தி டீச்சரின் காதுக்குப் போயிருக்கிறது. இவ்வளவு நல்ல மனசுள்ள ஒருத்தர் இதைக் கேட்டால் என்ன நினைப்பார்? வெளியே சொல்ல முடியாத பெரிய கஷ்டம் ஒன்று அந்த வீட்டில் இருக்கிறது என்றுதானே?

ஒரு திங்கட்கிழமை, கதவு சாத்திப் பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. பாட்டுப் புத்தகம், மெழுகுவத்தி, ஆளுக்கொரு பிளாஸ்டிக் நாற்காலி சகிதம் பத்துப் பன்னிரண்டு பேர் சந்துக்குள் நுழைந்தார்கள்.

"அம்மா எங்கம்மா?" என்றார் டீச்சர்.

"உள்ள தனியா செபம் பண்ணிகினு..."

"தனியா எதுக்கு? நாங்க எல்லாம் எதுக்கு இருக்கோம்?" என்று கண் கலங்கச் சொல்லிவிட்டுக் கதவைத் தட்டினார். அவரை எப்படித் தடுப்பது? சிலிண்டர்காரரிடம் குரலை உயர்த்தலாம். ஒன்றாம் வகுப்பில் எனக்கு அகரம் சொல்லிக்கொடுத்தவரிடம்?

அம்மா கதவைத் திறந்தாள். அறை நிறைந்தது. கட்டிலில் ஆறு பேர். மெழுகுவத்தி ஃப்ரிட்ஜின் மேல் ஏறியது. டீச்சர் பாட்டை எடுத்தார். சுவரில் காலண்டர் ஆடியது. செபம் முடிந்ததும் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "என்ன கஷ்டம்னு நீ சொல்ல வேண்டாம்மா. ஆண்டவருக்குத் தெரியும். இங்கேயே நவநாள் வெச்சிடலாம். ஒன்பது நாளும் இதே நேரத்துக்கு வந்திடறோம். உன்னை நாங்க தனியா விட மாட்டோம்."

அம்மா எல்லோருக்கும் டீ போட்டுக் கொடுத்தாள்.

அவர்கள் போனதும் பித்தளை டம்ளர்களைக் கழுவியபடி, "வுடு, அவ்ளோதான்" என்றாள்.

"சொல்ல வேண்டியதுதானம்மா, வேணான்னு?"

"செபம் பண்ண வரவங்கள வேணான்னு சொல்றதா? நல்ல மனசோட வராங்கடீ. நவநாள் முடிஞ்சா ஈஸ்டருக்கு முந்தின பெரிய வாரம் வந்துரும், அப்ப தெனைக்கும் கோயிலு. இந்த வருஷம் எனக்குக் குடுத்து வெச்சது இவ்ளோதான்." அன்று அவள் பாடவில்லை. என் வேலை வாசலில் உட்கார்வதுதான், அதையும் நான் ஒழுங்காகச் செய்யவில்லை என்று ஒரே எரிச்சல்.

மறுநாள் நாலு மணிக்கு அம்மா கை தேய்க்கவில்லை. கதவைத் திறந்துபோட்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். வரப்போகிற கூட்டத்துக்குச் சுண்டல் தாளிக்க.

நாலு மணி தாண்டியது. எதிர்வீட்டில் கிரைண்டர் நின்றது. அக்கா மாவுக் கையோடு ஓடி வந்தாள், முதல் நாள் வந்த அதே ஓட்டம்.

"இன்னாக்கா, கதவு தொறந்து கீது? உடம்பு சரியில்லியா?"

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா என்னைப் பார்த்தாள். பகலில் சாத்திய கதவைப் பார்த்துப் பதறிய அதே அக்கா, இப்போது திறந்த கதவைப் பார்த்துப் பதறி நிற்கிறாள்! நான் நடந்ததையெல்லாம் கொட்டினேன். நவநாள், ஒன்பது நாள், டீச்சர், எல்லாம்.

அக்கா இடுப்பில் கை வைத்தாள். "உனக்கு கஷ்டம் எதனா கீதாக்கா?"

"ஒரு கஷ்டமும் இல்லடீ."

"அப்ப எதுக்கு இந்தப் பேஜாரு? எந்திரி. கைய கழுவு. உள்ள போ."

"அவங்க வருவாங்கடீ."

"வரட்டும். நான் பேசிக்கறேன். மாவு மேல ஈரத்துணி போட்டுகினு டெய்லி நான் எதுக்கு காத்துகினு கீறேன்? இவங்க வந்து பாடறதுக்கா? போக்கா உள்ள!" என்று அம்மாவைத் தள்ளாத குறையாகத் தள்ளி, கதவை அவளே வெளியிலிருந்து இழுத்துச் சாத்தினாள். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

அக்கா என்னை நகர்த்திவிட்டுப் படியில் உட்கார்ந்தாள். முழுப் படியையும் அடைத்துக்கொண்டாள். நான் இத்தனை நாள் பார்த்தது வாட்ச்மேன் வேலையே இல்லை என்று எனக்கு அப்போது புரிந்தது.

நாற்காலிகளோடு அன்பியம் வந்தது.

"டீச்சர், வாங்க வாங்க" என்றாள் அக்கா, எழுந்திருக்காமல்.

"கதவைத் திறம்மா. நவநாள்."

"அது சாமி கும்பிட்டுகினு கீது டீச்சர்."

"நாங்களும் அதுக்குத்தானேம்மா வந்திருக்கோம்?"

"அது வேற, இது வேற டீச்சர். உங்களுது எல்லாரும் சேந்து கூப்புட்றது. இது ரெண்டு பேரு உக்காந்து பேசறது. நடுவுல நாம பூந்தா நல்லாவா இருக்கும்?"

டீச்சர் நாற்காலியைக் கீழே வைத்தார். "அவங்களுக்கு ஏதோ பெரிய கஷ்டம்னு..."

"அதுக்கு இன்னா கஷ்டம்? ஜம்முனு கீது. கஷ்டம் எனக்குத்தான் கீது." அக்கா தன் வீட்டைக் கை காட்டினாள். "என் வூட்டுக்கு யாராவது வந்து பாடுறாங்களா? போன வாரம் பூரா மாவு புளிச்சுப் போச்சு. என் மச்சானுக்கு முட்டி வலி. என் வூட்ல வந்து பாடுங்க டீச்சர். எட்டு நாளும் பாடுங்க. சுண்டல் நான் போடறேன்."

"உங்க வீட்டிலயா? நீங்க..." டீச்சர் தயங்கினார். பின்னால் நின்ற கூட்டம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது.

"டெய்லி அந்தப் படத்தத் தொட்டுக் கும்புட்டுத்தான் மாவ எடுக்கறேன். என்ன அவருக்குத் தெரியாதா?"

டீச்சர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்பவும் மாட்டிக்கொண்டார். சாத்தியிருந்த கதவைப் பார்த்தார். அப்புறம் சிரித்தார். நெஞ்சிலிருந்து வருகிற சிரிப்பு. "சரி வாங்கம்மா எல்லாரும்" என்று நாற்காலியைத் தூக்கினார்.

அப்படித்தான் எங்கள் அன்பியத்தின் நவநாள் எதிர்வீட்டில், அம்மன் படத்துக்கும் கிரைண்டருக்கும் நடுவில் நடந்தது. எட்டு நாளும். டீச்சர் பாடப் பாட அக்கா தாளம் போட்டாள். முட்டி வலிக்காரர் கட்டிலில் உட்கார்ந்து கைதட்டினார். சந்துக்குக் குறுக்கே, சாத்திய கதவுக்குப் பின்னால், அம்மா. பாட்டுச் சத்தம் கேட்டிருக்குமே, தொந்தரவாக இல்லையா என்று கேட்டேன். "அது அவங்க பாடறது. இது நான் பேசறது. ஆண்டவருக்கு ரெண்டு காது கீது" என்றாள். பாத்திரம் தேய்க்கும்போது மறுபடி பாட்டு வந்துவிட்டது.

மாவு அந்த வாரம் புளிக்கவில்லை. அது நவநாளாலா, புது ஈரத்துணியாலா என்று சந்தில் இன்னமும் சண்டை ஓடுகிறது.

பெரிய வாரத்துக்கு முந்தின சனிக்கிழமை, நாலரைக்கு அம்மா கதவைத் திறந்தபோது அக்கா நகரவில்லை. முந்தானை நுனியைச் சுருட்டிக்கொண்டு நின்றாள். அந்தத் தொண்டையிலிருந்து அவ்வளவு சின்னக் குரல் வரும் என்று எனக்குத் தெரியாது.

"எக்கா. ஒரு பத்து நிமிசம் நானும் உள்ள குந்திகினு வரட்டா? ஒன்னும் பண்ண மாட்டேன். சும்மா."

அம்மா கதவை அகலமாகத் திறந்துவிட்டு வெளியே வந்து, என் பக்கத்தில் படியில் உட்கார்ந்தாள். தாழ்ப்பாள் விழுந்தது. பத்து நிமிஷம் இருபதானது. முப்பதானது. மாவுக்கு ஆள் வர ஆரம்பித்தார்கள். அம்மாவே எதிர்வீட்டுக்குப் போய் மாவை அளந்து கொடுத்தாள். ஒரு வழியாகக் கதவு திறந்தது. அக்காவின் கன்னத்தில் எங்கள் பாயின் கோடுகள்.

"தூங்கிட்டேன்கா" என்றாள், வெட்கமும் சந்தோஷமுமாக. "ஒருத்தரும் எழுப்பல. இன்னா தூக்கம்னு நெனைக்கிற! உங்க ஆண்டவரு கோச்சுக்க மாட்டாரே?"

"அவரே படகுல தூங்குனவருதான்" என்றாள் அம்மா. தூங்குகிறவர்களுக்கு அம்மாவிடம் எப்போதும் ஒரு வசனம் கைவசம் இருக்கும்.

ஈஸ்டர் வந்தது. பிரியாணி வந்தது. நைனாவுக்குப் பீடி திரும்ப வந்தது. தவக்காலம் முடிந்ததே, இனிமேல் கதவு எப்போதும் போல என்று நினைத்தேன். திங்கட்கிழமை நாலு மணிக்குப் பழக்க தோஷத்தில் புத்தகத்தை எடுத்துக்கொண்டு படிக்குப் போனேன். அம்மா ஏற்கனவே படியில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் அக்கா, ஈரத்துணி போட்ட வாளியோடு.

"இன்னிக்கு நீ உள்ள போ" என்றாள் அம்மா.

"நானா? நான் இன்னா பண்ணப் போறேன் உள்ள?"

"ஒன்னும் பண்ணாத. ஃபோன இங்க குடு."

கொடுத்தேன். நெஞ்சு அடித்துக்கொண்டது, ஃபோனுக்காக. உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டேன். பிறந்ததிலிருந்து இருக்கிற வீடு. ஆனால் அதில் நான் மட்டும் இருந்து நான் பார்த்ததே இல்லை. அறை திடீரென்று பெரிசாகிவிட்டது. நைனாவின் சட்டை ஆணியில் தொங்கியது. ஃப்ரிட்ஜ் உறுமியது, நின்றது. அது நின்ற பிறகுதான் ஃபேன் சத்தம் கேட்டது. ஃபேனுக்குப் பின்னால், ரொம்பத் தூரத்தில், டிரெய்லர் ஹாரன். அதற்கும் பின்னால் கடல். கடல் எங்கள் வீட்டுக்கு இவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை.

தரையில் உட்கார்ந்தேன். சிவப்பு பல்புக்குப் பின்னால் இருதய ஆண்டவர். செபங்கள் எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தன, எதுவும் ஒட்டவில்லை. கொஞ்ச நேரம் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் வாயில் வந்ததைச் சொன்னேன். பரீட்சை பயமாக இருக்கிறது என்றேன். அந்தப் பையனைப் பற்றிச் சொன்னேன். அவன் பெயரைச் சத்தமாகச் சொன்னதும், ஆண்டவருக்கு ஏற்கனவே தெரியும்தானே, அம்மா போட்டுக் கொடுத்திருப்பாளே என்று தோன்றியது. இத்தனை நாள் இந்த அறைக்குள் அம்மா யாரைப் பற்றியெல்லாம் பேசியிருப்பாள் என்பது அப்போதுதான் உறைத்தது. என்னைப் பற்றி. பரீட்சையைப் பற்றி. அவனைப் பற்றியும்தான். என் கதை முழுக்க எனக்கு முன்னாலேயே இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன். முடியவில்லை. ஆளில்லாத அறையில் வாய்விட்டுச் சிரித்தேன்.

வெளியே அக்காவின் குரல்: "இன்னாக்கா, உம் பொண்ணு தனியா சிரிச்சுகினு கீது?"

அம்மா சாவகாசமாகச் சொன்னாள்: "பேசிகினு இருப்பா. வுடு."